சகலையின் வான்கோழிகள்

பொறாமைப்படுகிறவன் எவனும் தனக்குப் பொறாமை என்று ஒப்புக்கொள்வதில்லை. "அவனுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்பான். "எத்தனை நாளைக்கு ஓடுதுன்னு பார்ப்போம்" என்பான். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது வயது ஐம்பத்தாறு, இனிமேல் ஒளித்து என்ன ஆகப்போகிறது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என் சகலை, என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அவன்மேல் எனக்குப் பொறாமை. அவன் வளர்த்த வாத்தின்மேல், காடையின்மேல், முயலின்மேல், எல்லாவற்றையும்விட அவனுடைய வான்கோழிகளின்மேல்.

எனக்கு நாட்டுக்கோழி வியாபாரம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் வீட்டை ஒட்டியே கடை. கடை என்றால் நாலு பஞ்சாரக் கூடை, ஒரு தராசு, ஒரு தகரக் கொட்டகை. முப்பது வருஷமாக இதே தொழில். ஒரு சேவலைத் தூக்கிப் பிடித்தால் எடை சொல்வேன், நெஞ்செலும்பைத் தடவினால் வயது சொல்வேன். சுற்றுவட்டாரத்தில் "கோழிக்காரர்" என்றால் அது நான்தான். அந்தப் பெயரில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் மானாவாரிக் காடு. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மக்காச்சோளம் லாரி லாரியாகத் தீவனத்துக்குப் போகும், பிறகு பிராய்லர் கோழியாகத் திரும்பி வரும். வாரத்துக்கு ஒரு நாள் பிராய்லர், திருவிழாவுக்கு ஆட்டுக்கறி, உடம்பு சரியில்லாதவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் நாட்டுக்கோழி. வேறு கறி கேட்கிறவர்கள் குறைவு. சிலர் தின்றாலும் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பழக்கம் என் கண்ணெதிரே மாறியது. முதலில் பைபாஸ் ஓரத்துப் பரோட்டாக் கடைகளில் காடை வறுவல் வந்தது. "ஆயிரம் கோழிக்கு அரைக் காடை" என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டார்கள். ஆயிரம் கோழி விற்றவன் அந்தப் பலகையைப் படித்துக்கொண்டே தினமும் அந்த வழியாகப் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும். பிறகு முயல் வந்தது. செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு ஆளாளுக்கு மாடியில் கூண்டு வைத்தார்கள். நடுவில் ஈமு கோழி என்று ஒன்று வந்து, வாங்கினவர்களை அழவைத்துவிட்டுப் போனது. எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரியலூர் சாலையிலேயே மறைப்பு எதுவும் இல்லாமல் வெண்பன்றிக் கறி தொங்கியது. சிமெண்ட் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த வடகிழக்குப் பிள்ளைகள் வாத்து எங்கே கிடைக்கும் என்று என் கடையிலேயே வந்து கேட்டார்கள். "இங்க கோழிதான்" என்று சொல்லி அனுப்பினேன். எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

என் சகலை இருந்தது தா.பழூர் பக்கம். கொள்ளிடத்துத் தண்ணீர் பாயும் நெல் வயல். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்களிடம் முதலில் இருபது வாத்து வாங்கி விட்டான். அடுத்த வருஷம் அது நூறானது. அந்த வடகிழக்குப் பிள்ளைகள் விசாரித்துக்கொண்டு அவனிடமே போய்ச் சேர்ந்தார்கள். காடைக்கு ஒரு கொட்டகை போட்டான். முயல் வைத்தான், அது சரிப்படவில்லை என்றதும் விட்டுவிட்டான். கடைசியில் வான்கோழிக்கு வந்தான். அவன் எதையும் பெரிதாகச் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பீற்றிக்கொள்கிறவனாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லித் திட்டலாம்.

மாமனார் வீடு ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம். தீபாவளிக்கு இரண்டு மருமகன்களும் குடும்பத்தோடு போவது வழக்கம். வருஷா வருஷம் நான்தான் சேவல் கொண்டுபோவேன். கழுத்தில் பொன்நிற மயிர் தொங்கும் சேவலாகப் பொறுக்கி எடுப்பேன். மாமனார் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, "பெரிய மாப்ள கொண்டாந்தா அது கொண்டாந்ததுதான்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே அந்தச் சேவலுக்குக் கம்பு போட்டிருப்பேன்.

ஒரு தீபாவளிக்குச் சகலை வான்கோழியோடு வந்து இறங்கினான். கறுப்புச் சேவல். வாசலில் விட்டதும் வாலை விசிறியாக விரித்துக்கொண்டு, கழுத்துச் சதை சிவந்து தொங்க, குடுகுடுவென்று சத்தம் போட்டுச் சுற்றி வந்தது. தெருவே கூடிவிட்டது. மாமனார் பக்கத்து வீட்டுக்காரரைக் கைபிடித்து இழுத்து வந்து காட்டினார். என் சேவல் கால் கட்டோடு கிணற்றடியில் கிடந்தது. அதற்குத் தண்ணீர் வைக்கக்கூட ஆள் இல்லை. அன்றைக்கு வான்கோழிதான் குழம்பானது. கறி நிறைய, எலும்பு குறைவு. கொஞ்சம் நார் நாராக இருந்தது. அதை நான் இரண்டு தரம் சத்தமாகச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. என் சேவலைக் கட்டவிழ்த்து மாமியார் வீட்டுக் கோழிகளோடு விட்டுவிட்டார்கள்.

"நீங்க ஏன் மொகத்த தூக்கி வச்சிருக்கீங்க?" என்று பஸ்ஸில் மனைவி கேட்டாள்.

"நல்லாத்தானே இருக்கேன்."

"எந்தங்கச்சி வூட்டுக்காரரு நல்லா இருந்தா நமக்கும் பெருமைதானே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு தை மாதத்தில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் என் கடைக்கு வந்தார். பல வருஷம் சவூதியில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். வீட்டில் விசேஷம் என்றால் என்னிடம்தான் கோழி எடுப்பார். நாணயமான மனிதர், பேச்சும் அளவாக இருக்கும்.

"எம்மவனுக்கு நிக்காஹ் பேசி முடிச்சிருக்கு. லீவு முடிஞ்சு இப்ப திரும்பப் போறான். அடுத்த லீவுக்கு வந்ததும் இன்ஷா அல்லாஹ் கல்யாணம். எப்படியும் ஒம்பது பத்து மாசம் ஆவும். வலிமா விருந்துல சம்பந்தி வூட்டுக்காரங்க பந்திக்கு வான்கோழி வைக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. அங்க இருந்தப்ப சாப்ட்டுப் பழகிட்டேன். பதினஞ்சு வேணும். உங்களால முடியுமா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் முடியும் என்றேன்.

"உசுரோட கொண்டாந்துருங்க, அறுக்குறத நாங்க பாத்துக்குறோம். உங்க வாய்ச்சொல்ல நம்பித்தான் சமையக்காரருகிட்ட சொல்லப்போறேன். அப்பறம் கைய விரிச்சுடக் கூடாது."

"என் பேச்சு மாறுமா பாய்?"

அவர் போன பிறகுதான் எனக்கு வான்கோழியைப் பற்றி எதுவுமே தெரியாது என்று நினைவு வந்தது. வளர்ந்த வான்கோழியாக வாங்கிக் கொடுத்துவிடலாம். யாரிடம் வாங்குவது? தேடிப் போனால் கடைசியில் சகலையின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். பாய்க்கும் அது தெரிந்துவிடும். அடுத்த தரம் நேரே தா.பழூருக்குப் போய்விடுவார். அவர் மட்டுமா, அவர் தெருவே போகும். முப்பது வருஷம் கோழிக்காரர் என்று பெயர் எடுத்தவன் நான். என் கையால் அடை வைத்து, என் வீட்டில் பொரித்து, என் கொட்டகையில் வளர்ந்த வான்கோழியைத்தான் கொடுப்பது என்று முடிவு கட்டினேன்.

முட்டை வேண்டுமே. என்னைக் கேட்காமல் மனைவி தங்கைக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மாசி மாதம் ஒரு காலையில் சகலையே பைக்கில் வந்து இறங்கினான். ஒரு கூடையில் தவிடு கொட்டி, அதற்குள் இருபத்தைந்து முட்டைகளைப் புதைத்து, அத்தனை தூரம் அலுங்காமல் கொண்டுவந்திருந்தான். கோழி முட்டையைவிடப் பெரிது, பழுப்புப் புள்ளி. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது. பொறாமையிலும் அந்த முட்டையின் அழகு எனக்குத் தெரியத்தான் செய்தது.

"எல்லாம் இந்த வாரத்து முட்டைதான் அண்ணே. மீதிய நானும் இன்னிக்குத்தான் அடை வைக்கப்போறேன். நம்ம கோழிக்கே வச்சிரலாம், நல்லா ஒக்காரும். ஆனா ஒரு விஷயம் அண்ணே, இது கோழி மாதிரி இல்ல..."

"தம்பி, எனக்கே அடை வைக்கச் சொல்லித் தரியா?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவன் முகம் சின்னதாகிவிட்டது. "அதுக்கில்ல அண்ணே" என்றான். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். அன்று மாலையும் மறுநாளும் அவனிடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் பாடம் நடத்துவான் என்று நினைத்தேன்.

அப்போது என்னிடம் மூன்று அடைக்கோழிகள் இருந்தன. மூன்று கூடை எடுத்து, அடியில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, இடிக்கு ஓர் இரும்பு ஆணியும் கண்ணேறுக்கு ஒரு கரித்துண்டும் வைத்தேன். அடைக்கு ஒற்றைப்படையில்தான் முட்டை வைக்க வேண்டும். இரண்டு கூடைக்கு எட்டெட்டு வான்கோழி முட்டை, ஒன்றுக்கு ஒன்பது. அப்போதுதான் என் அனுபவம் குறுக்கே புகுந்தது. இத்தனை பெரிய புள்ளி முட்டையைக் கோழி தன் முட்டை என்று நம்புமா? நம்பாமல் எழுந்து போய்விட்டால்? ஆகவே ஒவ்வொரு கூடையிலும் அந்தந்தக் கோழி இட்ட முட்டையில் இரண்டு மூன்றைக் கலந்து வைத்தேன். கூடைக்குப் பதினொன்று, கணக்கும் ஒற்றைப்படையில் வந்தது. இந்த யோசனை என் சகலைக்கு வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அது மட்டும் சரி. அவனுக்கு ஒருநாளும் வந்திருக்காது.

மூன்று கோழிகளும் அசையாமல் உட்கார்ந்தன. பத்தாம் நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை என்று சொன்னால் மனைவி சிரிப்பாள், ஆனால் உண்மை. பாய் வீட்டு வாசலில் பதினைந்து வான்கோழிகளை இறக்கிவிடுவது போலவும், அந்தச் செய்தி ஜெயங்கொண்டம் வரை போய்ச் சேர்வது போலவும் நினைத்துக்கொண்டு கிடந்தேன். "பெரிய மாப்ளயும் வான்கோழி போட்டுட்டாரு" என்று மாமனார் சொல்வார். 'பெரிய மாப்ளயும்' என்பதில் வருகிற அந்த 'யும்' கூட எனக்குப் பிடிக்கவில்லை. அதைத் திருத்தி, "பெரிய மாப்ள வான்கோழி மாதிரி வருமா" என்று அவரைப் பேசவைத்தேன்.

இருபத்தோராம் நாள் கோழி முட்டைகள் பொரிந்தன. மூன்று கூடையிலும் சேர்த்து ஏழு குஞ்சு. வான்கோழி முட்டை ஒன்றுகூட விரியவில்லை. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஒருநாள் தாமதமாகும் என்று பொறுத்தேன். மறுநாள் மூன்று கோழிகளும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கூடையை விட்டு இறங்கி மேயப் போய்விட்டன. பிடித்துக்கொண்டுவந்து உட்காரவைத்தேன். கொத்திவிட்டு மறுபடியும் இறங்கின. குஞ்சு கூப்பிடும்போது எந்தத் தாய் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் முட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தன.

எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். அவன் வேண்டுமென்றே கூமுட்டையைக் கொடுத்துவிட்டான். நல்ல முட்டையைத் தனக்கு வைத்துக்கொண்டு, சேவல் சேராத முட்டையை என் தலையில் கட்டிவிட்டான். நான் வான்கோழி வளர்த்துவிட்டால் அவன் மவுசு போய்விடுமே. இப்படி யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், அதனால் சுலபமாக வந்தது.

அதற்கு மறுநாள் மாமனார் வீட்டுக் குலசாமிக்குக் கிடா வெட்டு. சொந்தம் மொத்தமும் கோயில் திடலில் கூடியிருந்தது. நான் அந்த முட்டைகளை வேறொரு கூடையில் அள்ளிப் போட்டுக் கொண்டுபோனேன். மனைவி வேண்டாம் என்று கெஞ்சினாள். பந்தி போடுவதற்கு முன்னால், மாமனாரும் பங்காளிகளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த இடத்தில் கூடையைக் கொண்டுபோய் வைத்தேன்.

"சின்ன மாப்ள எனக்குக் குடுத்த முட்டைய எல்லாரும் பாத்துக்குங்க" என்றேன். "அத்தனையும் கூமுட்டை. லப்பைக்குடிக்காட்டு பாய்க்கு வாக்கு குடுத்துட்டு நிக்கிறேன். இனி அவரு மொகத்துல எப்படி முழிப்பேன்? இதுக்குக் குடுக்காமலே இருந்திருக்கலாம்."

கிடாய்க் கறி வெந்துகொண்டிருந்த அண்டாப் பக்கமிருந்து கொழுந்தியாள் எழுந்து வந்தாள். சகலை கூடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினான். இன்னொன்றை எடுத்து ஆட்டினான். மூன்றாவதையும் ஆட்டினான். அப்புறம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. மாட்டிக்கொண்ட திருடனின் முழி என்றுதான் நினைத்தேன்.

"ஆமாண்ணே" என்றான். "தப்பு எம்மேலதான். வெயில்ல கொண்டாந்தது கெட்டுப்போயிருக்கும்."

"நீங்க ஏன்..." என்று கொழுந்தியாள் எதையோ சொல்ல வந்தாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான், அவள் நிறுத்திக்கொண்டாள்.

"ஒருத்தர நம்ப வச்சு இப்படி செய்யலாமா சின்ன மாப்ள?" என்றார் மாமனார். அவர் குரலில் அவ்வளவு வருத்தம் இருந்தது. எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது.

சகலை கூடையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனான். அங்கே ஒரு குழி வெட்டி, முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து மண் தள்ளி மூடினான். வீசி எறிய வேண்டிய கூமுட்டைக்கு இத்தனை மரியாதை. "என்னப்பா, கூமுட்டைக்குக் கருமாதியா?" என்று நான் கேட்டேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அன்றைக்குக் கிடாய்க் கறி எனக்கு அவ்வளவு ருசியாக இருந்தது.

மறுநாள் காலையில் மனைவி அடைக்கூடைகளைக் கழுவ எடுத்தாள். மூன்றாவது கூடையில் வைக்கோலுக்கு அடியில் ஒரு வான்கோழி முட்டை தங்கிப்போயிருந்தது. "இந்தாங்க, ஒண்ணு இருக்கு" என்று நீட்டினாள். குப்பைக்குழிப் பக்கம் எறியப் போனேன். கூமுட்டை என்றால் ஆட்டும்போது உள்ளே தண்ணீர் மாதிரி தளும்ப வேண்டும். முப்பது வருஷத்தில் எத்தனை முட்டையை ஆட்டிப் பார்த்து எறிந்திருப்பேன். இந்த இருபத்தைந்தில் ஒன்றையாவது ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கை பழக்கத்தில் தானாக ஆட்டியது. சத்தமே இல்லை. உள்ளே கெட்டியாக, நிறைவாக இருந்தது.

தரையில் வைத்து ஓட்டை உடைத்தேன். உள்ளே குஞ்சு இருந்தது. கண் மூடி, தலையை இறக்கைக்குள் செருகி, ஈர மயிரோடு, கால் விரல் நகம் உட்பட எல்லாம் வந்திருந்தது. வயிற்றோரம் கொஞ்சம் மஞ்சள் கரு மட்டும் உள்ளே போகாமல் மிச்சம் இருந்தது.

மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்த் தங்கைக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் பிடித்தாள்.

"மாமா" என்றாள் கொழுந்தியாள். அவள் குரல் அழுத குரலாக இருந்தது. "கோழிக்குத்தான் மாமா இருவத்தோரு நாளு. வான்கோழிக்கு இருவத்தெட்டு. ரெண்டையும் ஒண்ணா வைக்கக் கூடாது, கோழிக்குஞ்சு பொரிஞ்சதும் தாயி எழுந்திருச்சுப் போயிரும். அதச் சொல்லத்தான் அவரு உங்களுக்கு போன் மேல போன் போட்டாரு. எங்க வூட்டுல அதே முட்டைதான் மாமா அடையில இருக்கு. நேத்து அங்க ஆட்டிப் பாத்தப்பவே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. 'அண்ணன் முப்பது வருசமாக் கோழி பாத்த மனுசன், இத்தன பேரு முன்னாடி எப்புடிச் சொல்றது'ன்னு சொல்லிட்டாரு."

மனைவி போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவள் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவே இல்லை.

அந்தக் குஞ்சைப் பார்த்து எனக்கு வேதனை இல்லாமல் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்ல உட்கார்ந்த பிறகு பாதியை மட்டும் சொல்லக் கூடாது. அன்றைக்கு அவன்மேல் எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால், முந்தியெல்லாம் வந்தது ஒன்றுமே இல்லை. வாத்து நான் வாங்கிவிடலாம், காடை நான் வளர்த்துவிடலாம். அத்தனை பேர் முன்னால் பழியை வாங்கிக்கொண்டு, குழி வெட்டிப் புதைத்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து தலை குனிந்து சாப்பிட்டானே, அது எனக்கு வரவே வராது. நான் அவனைத் திட்டக்கூட ஒரு வழியை அவன் விட்டுவைக்கவில்லை. மாமனாருக்கு போன் போட்டு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று நாலைந்து தரம் போனைக் கையில் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் கடைக்கு ஆள் வந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு கீழே வைத்தேன்.

மாதங்கள் ஓடின. பாய் இரண்டு முறை வந்து கோழி எடுத்துப் போனார். முட்டை வாங்கி அடை வைத்ததை முன்பே அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். "வான்கோழி எப்படி வருது?" என்று கேட்டார். "நல்லா வருது பாய்" என்றேன். சகலை மறுபடியும் முட்டை கொடுக்கிறேன் என்று மனைவி மூலம் சொல்லி அனுப்பினான். நான் பதில் சொல்லவில்லை. வளர்ந்த வான்கோழிக்கு வெளியூர் ஏஜென்டு ஒருவரிடம் பேசிவைத்தேன், அவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். பையன் சவூதியிலிருந்து வந்து இறங்கிவிட்டான் என்று செய்தி வந்தது. விருந்துக்கு ஆறு நாள் இருக்கும்போது சகலை கடை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, பாய்க்குப் பதினஞ்சு வேணும்ல. எங்கிட்ட பதினெட்டு நிக்குது, நல்லதாப் பாத்துப் பதினஞ்சு எடுத்துக்கலாம். முந்துன நாளு காலையில வாங்க, ஏத்திக்கிட்டுப் போயிருவோம்."

"தம்பி, அன்னிக்குக் கோயில்ல..." என்று ஆரம்பித்தேன். எட்டு மாதமாகத் தொண்டைக்குள் வைத்திருந்தது.

"அது கெடக்குது விடுங்கண்ணே. கூண்டுக்கு சணல் சாக்கு இருக்கா உங்ககிட்ட? காத்துல மெரளும்" என்றான்.

சொன்ன நாளில் தா.பழூருக்குப் போனேன். அன்றுதான் அவன் கொட்டகையை முதல் தரமாக நன்றாகப் பார்த்தேன். ஒரு பக்கம் புதிதாகப் பொரித்த வான்கோழிக் குஞ்சுகள். அவற்றின் தீனித் தட்டில் பச்சை நிறக் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்திருந்தான். குஞ்சுகளுக்குத் தானாகத் தின்னத் தெரியாதாம், பச்சையைக் கொத்த வந்து தீனியையும் கொத்திப் பழகுமாம். கண்டுபிடித்தவனைப் பாராட்ட வேண்டும். நான் பாராட்டாமல் கூண்டை எடுக்கப் போனேன். நடுவில் அந்தப் பதினெட்டும் நின்றன. என் கூடையில் செத்துப்போனவற்றோடு அதே வாரத்தில் இட்ட முட்டைகளிலிருந்து வந்தவை. பதினைந்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூண்டில் ஏற்றினோம். கை நிறையக் கனம். எடை சொல்லத் தெரிந்த கை எனக்கு. அவன் வளர்ப்பில் ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை.

செந்துறை வழியாகப் போனோம். வண்டியை அவன்தான் ஓட்டினான். வழி நெடுக மழை தண்ணீர் பற்றியும் பிள்ளைகள் படிப்பு பற்றியும் பேசிக்கொண்டே வந்தான். பாய் வீட்டில் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். இது என் தம்பி வளர்த்தது, இனிமேல் இவனிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்லிவிட்டால் கோயிலில் பேசியதற்குக் கொஞ்சமாவது ஈடாகும். லப்பைக்குடிக்காடு வரும்வரை அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

வாசலில் பந்தல். கூண்டைத் திறந்து இறக்கியதும் சேவல்கள் வால் விரித்துச் சத்தம் போட்டன. வீட்டு ஆட்களும் சம்பந்தி வீட்டு ஆட்களும் வெளியே வந்துவிட்டார்கள். பாய் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார். என் தோளில் கைபோட்டுச் சம்பந்தியிடம் திருப்பினார். "நான் சொன்னேன்ல, இவருதான். முட்டையிலேருந்து இவரே வளத்தது. சொன்ன சொல்லு மாறல பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சகலையின் பக்கம் திரும்பினார்.

"தம்பி யாரு? நீங்களும் வான்கோழி வளக்குறீங்களா?"

சகலை கையிலிருந்த சணல் சாக்கை மடித்துக்கொண்டே என்னை ஒரு தரம் பார்த்தான். நான் சொல்ல இடம் விட்டான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அவன் காத்திருந்தது எனக்குத் தெரியும்.

"இல்லீங்க" என்றான். "நான் அண்ணனோட சகலை. வண்டி ஓட்டிட்டு வந்தேன்."

"நல்லது, நல்லது. ரெண்டு பேரும் இருந்து சாப்ட்டுத்தான் போவணும்" என்றார் பாய். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே எங்க ஊருல யாரு வான்கோழி கேட்டாலும் உங்ககிட்டதான் அனுப்புவேன். சரிதானே?"

"அனுப்புங்க பாய்" என்றேன்.